அரியாலையில் எனக்காகப் போட்ட லீவு

பத்மாவின் கால் எலும்பு முறிந்ததால்தான் எனக்கு யாழ்ப்பாணம் பார்க்கக் கிடைத்தது. இதை அவளிடமே சொன்னேன். கட்டுப் போட்ட காலைத் தூக்க முடியாத நிலையில் அவள் இருந்ததால் தப்பித்தேன்.

சிங்கப்பூரில் நான் வேலை பார்ப்பது ஒரு சின்ன அறக்கட்டளையில். கூலி வேலைக்குப் போகும் குடும்பங்களுக்குக் கை கொடுக்கிற அமைப்புகளைத் தேடிப் பிடித்து நிதி தருவது எங்கள் தொழில். தந்த இடத்துக்கு வருடம் ஒருமுறை நேரில் போய்ப் பார்த்து வருவது பத்மாவின் வேலை. அவள் பார்த்ததை உட்கார்ந்த இடத்திலிருந்து எழுதுவது என் வேலை. நான் கால் வைக்காத எத்தனையோ ஊர்களைப் பற்றி, படிப்பவர் மூக்கைச் சிந்தும்படி எழுதியிருக்கிறேன். இந்த முறை மூக்கும் காலும் என்னுடையவையாகவே இருக்கட்டும் என்று மேலிடம் முடிவு செய்துவிட்டது.

"ஒரே ஒரு விஷயம்," என்றாள் பத்மா. "நீ வருவதை முன்கூட்டிச் சொல்லித் தொலைக்காதே. கதவைத் தட்டு, உள்ளே போ, பார், எழுது, வா."

எனக்கு அது பண்பாகப் படவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் ஒரு வீட்டில் போய் நிற்பதா? அரியாலையில் பிள்ளைகள் பராமரிப்பு நிலையம் நடத்தும் தேவகி அக்காவுக்கு ஒரு மாதம் முன்பே கடிதம் எழுதினேன். நாள், நேரம், நான் சைவம் இல்லை என்ற தகவல் எல்லாம் அதில் இருந்தன. கடைசித் தகவலைப் பெருமையாக அடிக்கோடு வேறு போட்டிருந்தேன்.

முதல் நாள் நல்லூரில் தங்கினேன். கோயிலுக்கு மூன்று தெரு தள்ளி, ஒரு வீட்டின் பின் பகுதியை விருந்தினருக்கு விடுகிறார் சிவபாதம் அண்ணை. ஓய்வுபெற்ற தபால்காரர். நான் பையை இறக்குவதற்குள் இடியப்பம், சொதி, சம்பல் எல்லாம் மேசைக்கு வந்துவிட்டன. சிங்கப்பூரில் தேங்காய்ப்பாலை டின்னில் பார்த்துப் பழகியவனுக்கு அந்தச் சொதி ஓர் அதிர்ச்சி. பன்னிரண்டாவது இடியப்பத்தில் நான் கையைக் கழுவ எழுந்தபோது, "ஏன், பிடிக்கேல்லையோ?" என்று கேட்டார் மனுஷர். முகம் உண்மையாகவே வாடியிருந்தது. மறுபடி உட்கார்ந்தேன்.

"சும்மா இருந்தால் செமிக்காது. சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒரு சுத்துச் சுத்தியிட்டு வாங்கோ," என்றார்.

நான் கடைசியாகச் சைக்கிள் ஓட்டியது கும்பகோணத்தில், கல்லூரிக் காலத்தில். பிறகு சிங்கப்பூருக்குப் போய், நகரும் படிக்கட்டில்கூட ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றே காலம் கழித்தவன். ஆனால் ஊரே சைக்கிளில் போகிறது. வெள்ளைச் சீருடையில், இரட்டைப் பின்னலோடு, ஒரு கையில் ஐஸ்கிரீமும் மறு கையில் கைப்பிடியுமாகப் பெண் பிள்ளைகள் பறக்கிறார்கள். இதுகூட முடியாதா என்று ஏறினேன். ஏறியது நன்றாகவே இருந்தது. இறங்குவதில்தான் சிக்கல். ஒரு டியூசன் கொட்டிலின் வாசலில், வகுப்பு முடிந்து பிள்ளைகள் வெளியே வரும் சரியான நேரத்தில், நான் வேலியோடு ஐக்கியமானேன்.

கூட்டத்தில் ஒரு பிள்ளை மிக மரியாதையாகச் சொன்னாள்: "அங்கிள், முதல் சைக்கிளை நிப்பாட்டுங்கோ. பிறகு இறங்குங்கோ."

சிரித்தவர்களை எண்ணவில்லை. என் முழங்காலும் சேர்ந்து சிரித்ததாக ஞாபகம்.

இரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு, கடிதத்தில் எழுதியபடியே, அரியாலையில் ஓட்டோவிலிருந்து இறங்கினேன். கடற்காற்றில் சேற்று வாடை. குறுகிய ஒழுங்கையின் கடைசியில் ஓடு போட்ட வீடு, வேலி வாசலை அடைக்கத் தகரப் படலை. படலையில் மாவிலைத் தோரணம். வாசலில் நிறைகுடம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. இந்த வீட்டில் யாருக்கோ கல்யாணம், தப்பான இடத்தில் இறங்கிவிட்டேன் என்று திரும்பினேன்.

"ஐயா! எங்கை போறியள்? இதுதான்! வாங்கோ, வாங்கோ!"

தேவகி அக்கா. ஐம்பத்தைந்து வயதிருக்கும். பாலர் பாடசாலை ஆசிரியையாக இருந்தவர். குரலில் இன்னும் மணி அடிக்கிறது. அவருக்குப் பின்னால் பட்டுச் சேலையும் மல்லிகைப் பூவுமாக இருபது பெண்கள். எல்லோர் இடுப்பிலும் ஒரு பிள்ளை. பிள்ளைகளுக்குப் புதுச் சட்டை, கன்னத்தில் பவுடர். பன்னீர் தெளித்தார்கள். சந்தனம் வைத்தார்கள். மாலை போட்டார்கள். தங்க நிறக் கரை போட்ட பொன்னாடை ஒன்றைத் தோளில் போர்த்தினார்கள். என் கல்யாணத்தில்கூட எனக்கு இவ்வளவு நடக்கவில்லை. அன்று எல்லோரும் பெண்ணைத்தான் பார்த்தார்கள்.

நாற்காலியில் உட்காரவைத்து, உளுந்து வடை, மோதகம், பால் தேத்தண்ணி. அதற்கப்புறம் நண்டுப் பொரியல். "நீங்கள் சைவம் இல்லை எண்டு கோடு போட்டு எழுதினியள்," என்றார் தேவகி அக்கா. காலை பத்தரைக்கு நண்டு உடைத்துக்கொண்டு, மூன்று வயதுப் பிள்ளை ஒன்று நிலாவைப் பற்றிப் பாடுவதைக் கேட்டேன். மனசு நிறைந்து, கை துடைத்து, பையிலிருந்து படிவத்தை எடுத்தேன்.

படிவத்தில் பன்னிரண்டு கேள்விகள். எங்கள் தலைவி ஒரு காலத்தில் பள்ளி முதல்வர். முன்பொரு தடவை வேறொரு தேசத்தில், போட்டோவில் மட்டும் இருந்த ஒரு பள்ளிக்கூடத்துக்கு நிதி கொடுத்துச் சூடு கண்டவர். அதிலிருந்து சட்டம் ஒன்று: கண்ணால் கண்டதை மட்டும் எழுத வேண்டும். யாரோ சொன்னதை எழுதினால் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுவார்.

பதினொரு கேள்விகளுக்கு மளமளவென்று பதில் போட்டேன். காற்றோட்டம் உண்டு. குடிநீர் உண்டு. கழிப்பறைக் கதவில் யானைப் படம் உண்டு. பன்னிரண்டாவது கேள்வி இது: நீங்கள் பார்த்த நேரத்தில், பிள்ளையை நிலையத்தில் விட்டு வேலைக்குப் போயிருந்த தாய்மார் எத்தனை பேர்?

நிமிர்ந்து பார்த்தேன். இருபது தாய்மார். இருபது பிள்ளைகள். ஒவ்வொரு பிள்ளையும் அதனதன் தாயின் மடியில்.

"அக்கா," என்றேன் மெதுவாக. "இவங்க யாரும் இன்றைக்கு வேலைக்குப் போகலையா?"

"அதெப்பிடிப் போறது? நீங்கள் வாறியள் எண்டு எல்லாரும் லீவு போட்டவை!" அவர் முகத்தில் பெருமை பூரித்தது. "வெளிநாட்டிலையிருந்து ஒரு மனுசர் வாறார், நாங்கள் அங்கை நண்டு உடைச்சுக்கொண்டு நிக்கிறதோ?"

அந்தத் தாய்மார் எல்லோரும் நண்டு பதனிடும் தொழிற்சாலையில் வேலை செய்பவர்கள். விடியற்காலை தொழிற்சாலையின் வான் வண்டி வந்து அள்ளிக்கொண்டு போகும். நாள் முழுக்க நின்றபடி ஓடு உடைத்துச் சதை எடுக்க வேண்டும். அவர்கள் வேலைக்குப் போனார்களா என்று பார்க்க வந்தவனுக்காக, அவர்கள் வேலைக்குப் போகவில்லை. கண்ணால் கண்டதை மட்டும் எழுதினால் பதில் பூஜ்யம். பூஜ்யம் எழுதினால் அடுத்த வருட நிதி இல்லை. நிதி இல்லையென்றால் இந்த யானைப் படத்துக்கும் நிலாப் பாட்டுக்கும் வருடக் கடைசியோடு மூடுவிழா.

கேள்வியை வாசித்துக் காட்டினேன். தேவகி அக்காவின் குரலிலிருந்த மணி நின்றுவிட்டது.

"ஐயோ," என்றார். அவ்வளவுதான்.

முன்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்தார். சுகந்தி. இருபத்தெட்டு வயதிருக்கும். விரல் நுனியெல்லாம் நண்டு ஓடு கீறிய தழும்பு. இடுப்பில் இரண்டரை வயது மதுசா.

"சேர், உது மூடினால் நான் வேலையை விட வேணும். இவளைப் பாக்க ஒருத்தரும் இல்லை. இவளின்ரை அப்பா கடலுக்குப் போறவர். இருந்தால் மீன், இல்லாட்டில் இல்லை. என்ரை சம்பளம்தான் நிச்சயம்." குரலில் அழுகை இல்லை. நியாயம் கேட்கிற குரல். "நாளைக்கு வேணுமெண்டால் வந்து பாருங்கோ. நாங்கள் பொய்யில்லை."

நாளைக்கு என்று எனக்கு ஒரு திட்டம் இருந்தது. கீரிமலைக் கேணியில் முங்கி எழுந்து, கடற்கரையில் காலை நீட்டுவது. "பார்க்கலாம்," என்றேன். என்னைப் போன்றவர்கள் 'மாட்டேன்' என்பதை இப்படித்தான் சொல்வோம். அங்கிருந்த இருபது பேருக்கும் அது புரிந்தது என்று தெரிந்து, மாலையை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

டவுனுக்குப் போய் மினி பஸ் ஏறினேன். நல்லூர்ப் பக்கம் போகும் என்று யாரோ சொன்னார்கள். நானும் நண்டும் வடையும் ஒரு ஜன்னலோரம் உட்கார்ந்தோம். கண்டக்டர் தம்பி, "உள்ளை போங்கோ, உள்ளை போங்கோ, பின்னாலை கிறவுண்ட் மாதிரிக் கிடக்கு!" என்று கத்திக்கொண்டே இருந்தது தாலாட்டாக இருந்தது. கண் விழித்தபோது பஸ் இணுவிலில் நின்றது. நல்லூர் எப்போதோ கடந்துபோயிருந்தது.

இறங்கி நடந்தேன். இரண்டு பக்கமும் செம்மண் தோட்டம். வெயில் மண்ணிலிருந்து மேலே வந்தது. நாலைந்து பெண்கள் குனிந்து வெங்காயம் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். வரப்போரப் பூவரசில் பழைய சேலை ஏணை ஒன்று தொங்கியது. நிழல் எப்போதோ நகர்ந்துவிட்டிருந்தது. ஏணைக்குள் ஒரு குழந்தை முகம் சிவந்து அழுதது. தாய் நிமிர்ந்து பார்த்தாள், கையிலிருந்த பிடியை முடித்துவிட்டு வரலாம் என்று மறுபடி குனிந்தாள். கங்காணி போலிருந்த ஒருவர் சற்றுத் தள்ளி நின்றார்.

நான் ஏணையை நிழல் பக்கம் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றேன். கையில் மாலை, தோளில் பொன்னாடை. குழந்தை என்னைப் பார்த்ததும் இன்னும் உரக்க அழுதது. நியாயம்தான்.

ஓடி வந்த தாய் என்னை ஏற இறங்கப் பார்த்து, "நீங்கள் எந்தக் கோயில் ஐயா?" என்றாள்.

அங்கிருந்தே தேவகி அக்காவுக்குப் போன் போட்டேன். நாளை காலை வருகிறேன் என்றேன்.

மறுமுனையில் மூச்சு திரும்பிய சத்தம் கேட்டது. அடுத்த நொடியே, "நல்லது ஐயா! அப்ப நாளைக்கும் எல்லாரையும் லீவு போடச் சொல்லட்டோ?"

"அக்கா!"

"ஓமோம், விளங்கியிட்டுது, விளங்கியிட்டுது. பழக்கத்திலை வந்திட்டுது. ஒருத்தரும் நிக்க மாட்டினம். இனி லீவு எடுத்தால் வேலைக்கு வரவேண்டாம் எண்டு அங்கை சொல்லியும் போட்டினமாம். வான் ஐந்தே காலுக்கு வரும். ஒரு நிமிசம் நிக்காது. அதுக்கு முதல் வாங்கோ." பிறகு குரலைத் தாழ்த்தி, "வடை மட்டும் செய்யட்டோ?"

வடையை மறுக்கும் துணிச்சல் எனக்கு வரவில்லை.

மூன்றாம் நாள் நாலரை மணிக்கு எழுந்து ஓட்டோவுக்குக் காத்திருந்தேன். வரவில்லை. டயரில் காற்று இல்லையாம். சிவபாதம் அண்ணை இடுப்பில் கட்டிய சாரத்தோடு எழுந்து வந்து, சைக்கிளைத் திருப்பி என் பக்கம் நிறுத்தினார். முழங்கால் அதைப் பார்த்ததும் வலித்தது. விடியற் குளிருக்குப் பொன்னாடையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு ஏறினேன். பாதி வழியில் சங்கிலி கழன்றது. மாட்டினேன். மறுபடி கழன்றது. மூன்றாவது தடவை மாட்டியபோது என் கை, சட்டை, மூக்கு எல்லாம் கிரீஸ். மேற்கொண்டு ஓட்டாமல் தள்ளிக்கொண்டே ஓடினேன். தெருநாய் இரண்டு கொஞ்ச தூரம் துணைக்கு வந்து, சலித்துத் திரும்பிவிட்டன.

ஒழுங்கைக்குள் நுழைந்தபோது வான் ஏற்கெனவே நின்றது. இஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. தோரணம் இல்லை, நிறைகுடம் இல்லை. நேற்றைய பட்டுச் சேலைகள் எங்கே போயின? நைந்த சட்டையும் ரப்பர் செருப்பும் சாப்பாட்டுப் பெட்டியுமாகப் பெண்கள் இருட்டிலிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். தூங்கும் பிள்ளையைப் படலையில் நின்ற தேவகி அக்காவின் கையில் கொடுத்தார்கள். அவர் வாங்கி உள்ளே நின்ற உதவிப் பெண்ணிடம் கொடுத்தார். "இவனுக்கு ராத்திரி காய்ச்சல் அக்கா, மருந்து பைக்குள்ளை." "இவள் பாண் தின்னாள், புட்டுக் குடுங்கோ." யாரும் நிற்கவில்லை. யாரும் என்னைப் பார்க்கவும் இல்லை. இரண்டு நாளில் முதல்முறையாக நான் ஒன்றைப் பார்த்தேன்.

வான்காரர் ஹோர்ன் அடித்தார். கடைசியாகச் சுகந்தி ஓடி வந்தார். தேவகி அக்காவின் இரண்டு தோளிலும் பிள்ளைகள். உதவிப் பெண் உள்ளே. படலையருகே சும்மா நின்ற கைகள் என்னுடையவை மட்டும்தான்.

"சேர், இவளைப் பிடியுங்கோ!"

மதுசா என் கையில் இருந்தாள்.

"நேற்று உங்க சம்பளம் போச்சே சுகந்தி, எனக்காக லீவு போட்டு. அதை நான்..." என்று ஆரம்பித்தேன். ஒரு காலை வானில் வைத்தபடி அவர் திரும்பினார்.

"அது உங்களுக்குப் போட்ட லீவு இல்லை சேர். இந்தப் படலை திறந்திருக்க வேணும் எண்டு போட்டது." பிறகு சிரித்தார். "முகத்திலை கரி. அவள் முழிச்சால் பயந்திடுவாள், கவனம்."

கதவு மூடியது. வான் போய்விட்டது. மதுசா விழித்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் பெருமையாகச் சொல்ல முடியாது. அவள் அழுத அழுகையில் கடலுக்குப் போன அவள் அப்பாவே திரும்பிப் பார்த்திருப்பார். முற்றத்தில் மேலும் கீழும் நடந்தேன். காகம் காட்டினேன். எனக்குத் தெரிந்த ஒரே தாலாட்டு கண்டக்டருடையது. "உள்ளை போங்கோ, உள்ளை போங்கோ, பின்னாலை கிறவுண்ட் மாதிரிக் கிடக்கு..." ராகம் போட்டுப் பாடினேன். அழுகை கொஞ்சம் யோசித்தது. நின்றது. பொன்னாடையின் தங்கக் கரையைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டு, என் தோளில் மூக்கைத் துடைத்து, தூங்கிப்போனாள்.

"ஐயாவுக்கு நல்ல கை," என்றார் தேவகி அக்கா, வடைத் தட்டோடு. "நாளைக்கும் வாங்கோவன்."

எட்டு மணிக்குப் பிள்ளைகள் எல்லாம் எழுந்து வரிசையாக உட்கார்ந்து புட்டும் சொதியும் சாப்பிட்டார்கள். நான் தரையில் உட்கார்ந்து பன்னிரண்டாம் கேள்விக்குப் பதில் எழுதினேன்: இருபது பேரும். எழுதி முடிப்பதற்குள் மதுசா வந்து, என்ன எழுதுகிறேன் என்று பார்ப்பவள் போல, சொதிக் கையை அந்தப் பக்கத்தின்மேல் அழுத்தி வைத்தாள். ஐந்து விரலும் மஞ்சளாக விழுந்தன. மாற்றுப் படிவம் என்னிடம் இல்லை.

கிளம்பும்போது பொன்னாடையைக் கேட்கப் போனேன். அது மறுபடி தூங்கப் போன மதுசாவின்மேல் கிடந்தது. கேட்கவில்லை.

சிங்கப்பூரில் குழு கூடியது. தலைவி அம்மாள் படிவத்தைக் கண்ணாடிக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"போட்டோ எங்கே?"

இருந்ததெல்லாம் வரவேற்பு நாள் போட்டோ. மாலையோடு, கையில் நண்டோடு நான். அதைத் தள்ளி வைத்துவிட்டு, "அந்த நேரத்துப் போட்டோ இல்லை அம்மா. கை இரண்டும் ஓய்வில் இல்லை," என்றேன்.

"ஏன்?"

"பிள்ளை வைத்திருந்தேன்."

"எவ்வளவு நேரம்?"

"அழுது முடிக்கும் வரை. அவளும் நானும்."

அவர் சிரிக்கவில்லை. மஞ்சள் கைரேகையின்மேல் தன் விரலை வைத்துப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார் என்று பத்மா சத்தியம் செய்கிறாள். பிறகு பேனாவைத் திறந்து, அந்தக் குட்டிக் கையை மிதிக்காமல், ஓரமாகக் கையெழுத்துப் போட்டார். கையோடு ஒரு புது விதியும் போட்டார்: இனி பார்க்கப் போகிறவர் சொல்லாமல் போக வேண்டும், போனால் அரை நாளாவது பிள்ளை தூக்க வேண்டும். பத்மா இன்னும் ஊன்றுகோலோடுதான் நடக்கிறாள். அந்த விதியைக் கேட்டதிலிருந்து என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

செய்தியைச் சொல்லத் தேவகி அக்காவுக்குப் போன் போட்டேன். பின்னணியில் யாரோ அழுதார்கள், யாரோ பாடினார்கள். அடுத்த வருட நிதியும் உண்டு என்றேன். அவர் குரலில் பழைய மணி அடித்தது.

"சுகந்தி வந்த உடனை சொல்லுறன். இப்ப வேலையிலை நிக்கிறா. மதுசா உங்கடை பொன்னாடை இல்லாமல் படுக்கிறாள் இல்லை, தோய்க்கவும் விடுறாள் இல்லை. உங்கடை பாட்டைத்தான் இப்ப எல்லாப் பிள்ளையளும் பாடுகினம். வாற முறை சொல்லாமல் வாங்கோ ஐயா, சரியோ?" ஒரு மூச்சு விட்டார். "வடை வேணுமெண்டால் மட்டும் சொல்லிப் போட்டு வாங்கோ."